பத்து நிமிட வெள்ளோட்டம் போதுமா?

கார் கடைகளில் 'டெஸ்ட் டிரைவ்' என்று ஒன்று கொடுக்கிறார்கள். கடை வாசலில் ஏறி, பக்கத்து பைபாஸில் இரண்டு கிலோமீட்டர் போய், பெட்ரோல் பங்க் எதிரே திரும்பி, மறுபடியும் கடை வாசலில் இறங்குவது. மொத்தம் பத்து நிமிடம். அதில் ஐந்து நிமிடம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பி திரையைத் தொட்டுத் தொட்டுப் பாட்டு மாற்றிக் காட்டுவார். இறங்கினதும், "எப்படி சார் இருக்கு? புக் பண்ணிடலாமா?" என்பார். பதினைந்து லட்சம் ரூபாய்ப் பொருளை இப்படி வாங்குவது முறையில்லை என்பது என் கருத்து. நம் வயதுக்காரர்களுக்கு, அதுவும் கள்ளக்குறிச்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு, அறவே முறையில்லை. நானும் வீட்டம்மாவும் நான்கு மாதமாக மிட்சைஸ் செடான் வண்டிகளை ஓட்டிப் பார்த்து வந்ததில் இந்தக் கருத்து இன்னும் கெட்டிப்பட்டிருக்கிறது.

தமிழில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது: வெள்ளோட்டம். புதுத் தேர் செய்தாலும், பழைய தேரைப் பழுது பார்த்தாலும், திருவிழாவுக்கு முன்னால் சுவாமியை ஏற்றாமல் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார்கள். எங்கே இழுப்பார்கள்? தேர் நிற்கிற கொட்டகையைச் சுற்றியா? தேரோடும் வீதியில்தான். எந்த முக்கில் திரும்ப வேண்டுமோ அந்த முக்கில் முட்டுக்கட்டை போட்டுத் திருப்பிப் பார்ப்பார்கள். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. பெல் செய்ததாயிற்றே என்று யாரும் வெள்ளோட்டத்தை நிறுத்திவிடவில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். காரை ஓட்டிப் பார்ப்பதற்குப் பிரெஞ்சில் 'எஸ்ஸே' என்று பெயர். சட்டையைப் போட்டுப் பார்ப்பதற்கும் அதே வேர்ச்சொல்தான். மோந்தேஞ் 1580-இல் தம் புத்தகத்துக்கு வைத்த பெயரும் அதுவே. இங்கிலீஷ்காரர்கள் கட்டுரைக்குச் சொல்லும் சொல் அங்கிருந்து எடுத்தது. எங்கள் பிரெஞ்சு வாத்தியார், முடிவை முன்னாலேயே எடுத்து வைத்துக்கொண்டு எழுதினால் அது எஸ்ஸே ஆகாது, மனுவாகிவிடும் என்பார். கார் விஷயத்தில் இப்போது நடப்பது இந்த மனு வகைதான். போனில் இருபது வீடியோ பார்த்து, எந்த வண்டி, என்ன கலர் என்பது வரை முடிவு செய்துவிட்டு, டெஸ்ட் டிரைவை ஒரு சடங்காகச் செய்கிறார்கள்.

அலுவலகத்தில் ஒரு இரும்பு பீரோ வாங்க வேண்டுமென்றால் நாங்கள் என்ன பாடு படுவோம்! மூன்று விலைப்புள்ளி வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, மேலதிகாரி ஒப்புதல் பெற்று, பீரோ வந்திறங்கியதும் கதவைத் திறந்து மூடி, பூட்டைப் போட்டுப் பார்த்து, தட்டுகளை எண்ணி, அதற்குப் பிறகுதான் இருப்புப் பதிவேட்டில் ஏற்றுவோம். சர்க்கார் பணத்துக்கு அவ்வளவு கவனம். சொந்தப் பணத்துக்குப் பத்து நிமிடம்!

எனக்கு ஏன் இந்த வயதில் புது வண்டி என்று கேட்பீர்கள். பழைய வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிந்து, பதிவைப் புதுப்பிக்கும் கட்டம் வந்துவிட்டது. வீட்டம்மாவுக்கு ஒரு மூட்டு மாற்றியாயிற்று. அதைக் காட்டப் புதுச்சேரிக்கு அடிக்கடி போக வேண்டும். போக வர இருநூறு கிலோமீட்டருக்கு மேல். பிரான்சில் இருக்கும் மகள், "அப்பா, பாதிப் பணம் நான் தர்றேன், நல்ல வண்டியா வாங்குங்க" என்றாள். இதுதான் என் கடைசி வண்டியாக இருக்கும். அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதற்கில்லை.

உயரமான எஸ்யூவி வண்டிதான் வாங்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். செடான் காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். ஓரளவு உண்மைதான். மாருதி சியாஸ் 2025-இல் நின்றுபோனது. இந்த அளவில் இப்போது பேர் சொல்லும்படி ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வேகன் வர்ட்டஸ் என்று நான்குதான் மிச்சம். வரியும் இவற்றுக்கு அனுகூலமாக இல்லை. நான்கு மீட்டருக்கு உட்பட்டு, 1200 சிசிக்கு மேற்படாத பெட்ரோல் வண்டிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். இந்த செடான்களோ நாலரை மீட்டர் நீளம்; 40 சதவீதம். அதற்கு மேல் நம் மாநில வாகன வரி வேறு. பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரை 18 சதவீதம். இவ்வளவு கொடுத்து வாங்கும்போது ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கக் கேட்பது அதிகமா?

உயரமான வண்டியில் என் மனைவிக்கு இரண்டு தொல்லை. ஏறும்போது காலைத் தூக்கி வைக்க வேண்டும். வளைவுகளில் வண்டி சாயச் சாய அவளுக்குக் குமட்டும். செடான் தரையோடு தாழ இருப்பதால் வளைவில் அவ்வளவு சாயாது. டிக்கியும் பெரிது, இந்த நான்கிலுமே ஐந்நூறு லிட்டருக்கு மேல். வாக்கரை மடித்து வைத்த பிறகும் இரண்டு பெட்டிக்கு இடம் இருக்கிறது.

இனி, ஓட்டிப் பார்த்த கதை. எந்த வண்டியில் எது நடந்தது என்று பெயர் சொல்லப் போவதில்லை. எனக்கு ஒத்துவராதது உங்களுக்கு ஒத்துவரலாம்.

முதல் கடையில் வழக்கம்போல பைபாஸுக்கு அழைத்துப் போனார்கள். சேலம் - உளுந்தூர்பேட்டை நான்குவழிச் சாலையில் எந்த வண்டிதான் நன்றாக ஓடாது? ஏசி குளுகுளு என்றிருந்தது. தம்பி வானம் பார்க்கும் கண்ணாடிக் கூரையைத் திறந்து காட்டினார். மத்தியானம் ஒரு மணிக்கு, கள்ளக்குறிச்சி வெயிலில்! "மூடுப்பா, மூளை உருகிடும்" என்றேன்.

இரண்டாவது கடையில் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். வண்டியை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். நான், மனைவி, மைத்துனர், நீங்கள் என்று நாலு பேரும் ஏறிக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போய்வர வேண்டும். பெட்ரோல் என் செலவு என்று. தம்பி தயங்கி, மேனேஜரிடம் போனில் பேசினார். மேனேஜர் என்னிடம், "ஐயா, மலைக்கெல்லாம் யாரும் கேட்டதில்லையே" என்றார். "நான் மாசம் ஒரு தடவை போற ரோடு அது. கரியாலூர்ல எங்களுக்குச் சொந்தம் மாதிரிப் பழகின குடும்பம் இருக்கு. அங்க ஏறாத வண்டி எனக்கு எதுக்கு?" என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுப்பி வைத்தார்.

நாலு பேர் ஏற வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. "மாமா, என்னை எதுக்கு இழுக்கறீங்க, நான் என்ன மூட்டையா?" என்றார் மைத்துனர். ஆமாம், மூட்டைதான். கம்பெனிக்காரர்கள் வண்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள உயரத்தைப் பெரும்பாலும் காலி வண்டிக்குத்தான் சொல்வார்கள். ஹோண்டா சிட்டிக்கு 165 மில்லிமீட்டர், ஸ்லாவியாவுக்கும் வர்ட்டஸுக்கும் 179 மில்லிமீட்டர். அதாவது ஆறரை அங்குலமும் ஏழு அங்குலமும். ஆள் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி இது குறையும். காலி வண்டியில் உரசாத வேகத்தடை, குடும்பத்தோடு போகும்போது உரசும்.

வேகத்தடைக்கும் ஒரு அளவு உண்டு. இந்திய சாலைகள் பேரவை வகுத்த விதிப்படி உயரம் பத்து சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். அந்த அளவில் மெல்ல ஏறி மெல்ல இறங்கும்படி போட்டால் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வயிறு குலுங்காமல் தாண்டிவிடலாம். நம் கிராமச் சாலைகளில் அப்படி எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? யாராவது அடிபட்டால் மறுநாளே ஊர் கூடி, மிச்சமிருக்கும் ஜல்லியையும் தாரையும் கொட்டி, ஒரு முழ அகலத்தில் வரப்பு மாதிரி ஒன்று எழுப்பிவிடுகிறார்கள். வெள்ளைக்கோடும் கிடையாது. பிள்ளைகள் ஓடும் தெரு. அவர்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வரப்பின் மேல் முன்சக்கரம் இறங்கி, பின்சக்கரம் இன்னும் ஏறாமல் இருக்கும் அந்த ஒரு நொடியில்தான் நீளமான செடானின் வயிறு தட்டும். கச்சிராயபாளையம் போவதற்குள் அப்படிப்பட்டவற்றைத் தாண்டினோம். ஒரு வண்டியில் 'கரக்' என்று சத்தம் கேட்டது. தம்பி முகம் வெளுத்துவிட்டது. பின்னால் வேறொரு நாள் அதே வரப்பை அதே நாலு பேரோடு இன்னொரு வண்டியில் தாண்டினோம்; சத்தமில்லை. சற்றுக் கோணலாக, ஒரு சக்கரம் முன்னும் ஒரு சக்கரம் பின்னுமாக ஏற்றினால் தட்டுவது குறையும் என்பது மைத்துனர் சொன்ன யோசனை. டிராக்டர் ஓட்டுபவர் அல்லவா!

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறும்போதுதான் இன்ஜின் தன் குணத்தைச் சொல்லும். கல்வராயன் மலை ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உயரமில்லை; இரண்டாயிரம் முதல் மூவாயிரம் அடிதான். ஆனால் வளைவுகள் நெருக்கம், சாலை குறுகல். இழுவிசை எத்தனை என்பதோடு, எந்தச் சுழற்சியில் அது கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சிட்டியின் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு 145 நியூட்டன் மீட்டர், 4300 சுழற்சியில். ஸ்லாவியாவின் ஒரு லிட்டர் டர்போவுக்கு 178, அதுவும் 1750 சுழற்சியிலேயே வந்துவிடுகிறது. முதல் வகையை மலையில் ஓட்டும்போது கியரைக் குறைத்து, இன்ஜினைக் கொஞ்சம் கத்தவிட்டு ஏற்ற வேண்டும்; பழகினவர்களுக்கு அது கஷ்டமில்லை, சீராகவும் வரும். இரண்டாவது வகை மிதித்ததும் இழுக்கும். ஆனால் டர்போ விழித்துக்கொள்வதற்கு முந்தின அந்த ஒரு கணத்தில், கொண்டை ஊசி வளைவில், கால் பதறக்கூடாது. இந்த இரண்டில் எது நம் காலுக்குச் சரி என்பதை பைபாஸில் நூறு தடவை ஓட்டினாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஏற்றத்தில் ஒரு தடவை வேண்டுமென்றே நிறுத்திப் பாருங்கள். மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழி என்பது விதி. எதிரே இறங்கி வரும் பஸ்ஸுக்கு அந்த விதி தெரியுமா என்பது வேறு விஷயம். நிறுத்தித்தான் ஆக வேண்டும். பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலரேட்டருக்கு மாற்றுவதற்குள் வண்டி பின்னால் நகர்கிறதா, பிடித்து நிற்கிறதா? பிடித்து நிறுத்தும் வசதி இப்போது பல வண்டிகளில் இருக்கிறது. ஆனால் விலை குறைந்த வகையில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஓட்டிப் பார்க்கக் கொடுப்பது பெரும்பாலும் உச்ச விலை வண்டியாக இருக்கும்.

இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று அந்தக் காலத்து ஜீப் டிரைவர்கள் சொல்வார்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் அந்தக் கியரை நம் கையால் பிடித்து வைக்க வழி இருக்கிறதா என்று தம்பியைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. இருவரும் சாலையோரம் நிறுத்தி, புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தோம். வழி இருந்தது. விற்கிறவருக்கே தெரியாத ஒன்றை அங்கே மரநிழலில் கற்றுக்கொண்டோம்.

இன்னொன்று, முன்கண்ணாடியின் இரு பக்கத்துத் தூண். இப்போதைய வண்டிகளில் பாதுகாப்புக்காக அது பருத்துவிட்டது. வலது வளைவில் எதிரே வரும் மோட்டார் சைக்கிளை அந்தத் தூண் முழுசாக மறைத்துவிடுகிறது. மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு வந்த ஒருவரை அப்படி ஒரு வளைவில் கடைசி நேரத்தில்தான் பார்த்தேன். சீட்டை ஒரு படி உயர்த்தி, தலையைக் கொஞ்சம் முன்னுக்குச் சாய்த்துப் பார்க்கப் பழக வேண்டியிருக்கிறது. கழுத்துவலிக்காரர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

இதெல்லாம் ஓட்டுகிறவன் கணக்கு. என் வீட்டில் கடைசித் தீர்ப்பு பின்சீட்டிலிருந்து வந்தது. அதுதான் நியாயம் என்றும் நினைக்கிறேன். ஒவ்வொரு வண்டியிலும் அவள் ஐந்து தடவை ஏறி இறங்கினாள். வீடியோவில் பேசும் பையன்கள் யாரும் இந்தச் சோதனையைச் செய்து காட்டி நான் பார்க்கவில்லை. இந்தக் கால செடான்களுக்குக் கூரை பின்பக்கம் சரிந்து இறங்குகிறது. பார்க்க அழகு. ஆனால் பின்கதவு வழியாக ஏறுகிறவர் தலையைக் குனிந்து, இடுப்பை வளைத்து, முட்டியை மடக்கி, மூன்றையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். ஒரு வண்டியில் உட்கார்ந்துவிட்டு, "ஏங்க, இதுல உக்காந்தா எழுந்திரிக்க மறு ஜென்மம்தான் எடுக்கணும்" என்றாள். தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டார். இன்னொன்றில் கதவு அகலமாகத் திறந்தது, சீட்டும் இரண்டு விரல் உயரமாக இருந்தது, மேலே பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் கைக்கு எட்டியது. "இது பரவால்ல தம்பி" என்று அந்தப் பையனிடமே சொன்னாள். முன்சீட்டை நன்றாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பினால் மூட்டுக்கு நோகாது. இதை அவளுக்கு மருத்துவமனையில் பயிற்சி கொடுத்த பெண் சொல்லித் தந்திருந்தாள். கரியாலூர் போய் இறங்கியபோது குமட்டல் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். ஒப்பீட்டுப் பட்டியலில் அந்தப் பத்திக்கு அதிக மதிப்பெண் போட்டேன்.

இரவு ஓட்டிப் பார்க்க எந்தக் கடையும் லேசில் சம்மதிக்காது. பேசிப் பேசி, மாலை ஆறரை மணிக்கு ஒன்றை வாங்கினேன். கரும்பு அரவைக் காலத்தில் கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு ஆலைகளுக்குப் போகும் டிராக்டர்களைப் பார்த்திருப்பீர்கள். பாரம் இரண்டு பக்கமும் பிதுங்கும், பின்விளக்கு இருக்காது. மக்காச்சோளம் வந்துவிட்டால் பாதிச் சாலை களமாகிவிடும். ஓரத்தில் அடையாளத்துக்குக் கல் வைத்திருப்பார்கள். அந்தக் கல் எவ்வளவு தூரத்தில் நம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான் முகப்பு விளக்கின் தரம். கண்புரை எடுத்துக்கொண்டவர்கள் பகலில் ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டி வாங்காதீர்கள்.

இதில் வண்டியை மட்டுமா பார்க்கிறோம்? ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் ஓட்டுநர் உரிமத்தை ஐந்து வருஷத்துக்குத்தான் புதுப்பித்துத் தருகிறார்கள். படிவம் 1ஏ-வில் மருத்துவச் சான்றும் வேண்டும். அந்தச் சான்று எத்தனை நிமிடத்தில் கையெழுத்தாகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய் வந்தால், நம் கண், கழுத்து, கணுக்கால், பதற்றம் எல்லாவற்றுக்கும் உண்மையான சான்று கிடைத்துவிடுகிறது. எனக்கு மலை பரவாயில்லை. இருட்டில் எதிர் வெளிச்சம் கூசுகிறது. ஆகவே சூரியன் சாய்ந்த பிறகு மைத்துனர் மகன் ஓட்டுவது என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். புதுச்சேரியிலிருந்து திரும்ப நேரமானால் அங்கேயே தங்கிவிடுவது. இந்த முடிவு பத்து நிமிட ஓட்டத்தில் வந்திருக்காது. வண்டி வாங்கிய பிறகு ஒரு இரவு வழியில் வந்திருக்கும்.

கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. வாங்கும் எண்ணமே இல்லாமல் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சவாரி போகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டி தேயும், பெட்ரோல் செலவு, இடித்துவிட்டால் தலைவலி. அதனால்தான் சொல்கிறேன்: இலவசமாகக் கேட்காதீர்கள். பெட்ரோலைப் போடுங்கள், உரிமத்தைக் காட்டுங்கள், வார நாளில் கூட்டமில்லாத நேரமாகக் கேளுங்கள், எந்தச் சாலை என்று முன்னாலேயே எழுதிக் கொடுங்கள். கேட்டால் தருகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மூன்று கடையில் இரண்டு கடை தந்தது. மூன்றாவது கடையில், "மலைக்கெல்லாம் பாலிசி இல்ல சார், பைபாஸ்ல ஒரு ரவுண்டு வேணா இன்னொரு தடவை போகலாம்" என்றார்கள். அவர்கள் வைத்திருந்த வண்டி எனக்குப் பிடித்த நிறத்தில் இருந்தது. காபி சாப்பிட்டுவிட்டு, வணக்கம் சொல்லி வந்துவிட்டேன்.

பணம் கட்டியாயிற்று. வீட்டம்மா ஐந்து தடவை ஏறி இறங்கி, பரவால்ல என்று சொன்ன வண்டிக்கு.